சாலைக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம். முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் எழுதியிருந்தாயே, அந்த இருமல் போய்விட்டதா?

ஓர் உதவி கேட்டுத்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு கேமரா வேண்டும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. இருபது வருஷமாகக் கேமராக்களைப் பிரித்து மாட்டுகிறவன் தம்பியாக இருக்கும்போது நான் வேறு யாரைப் போய்க் கேட்பேன்?

அச்சகத்தில் இப்போது சனிக்கிழமையும் விடுமுறை. வாரம் ஐந்து நாள் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்க்கிறேன். மீதி இரண்டு நாள் வீட்டுச் சுவரைப் பார்க்கிறேன். உன் அத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேலாவது பஸ் ஏறி நாலு ஊர், நாலு தெரு பார்க்கலாம் என்று தோன்றுகிறது. பார்த்ததைப் படம் எடுக்கலாம் என்றும்.

கைப்பைக்குள் அடங்க வேண்டும். எடுக்கும்போது சத்தம் வரக் கூடாது. பளிச்சென்று விளக்கு அடிக்கக் கூடாது. தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரிய வேண்டும். கறுப்பு நிறமாக இருந்தால் நல்லது.

உனக்கு வேறு யாரிடமிருந்தாவது போன், கடிதம் ஏதாவது வந்ததா? சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


ஜனவரி 18

அன்பு அக்கா,

நான் நலம். இருமல் என்னை விட்டுவிட்டு வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டது. உன் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாயா, இல்லை எண்ணெய்ப் புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

சத்தம் வரக் கூடாது, வெளிச்சம் கூடாது, கறுப்பாக இருக்க வேண்டும்! இதைப் படித்தால் படம் எடுக்கப் போகிறவள் மாதிரி இல்லை, ராத்திரி சுவரில் கன்னம் வைக்கப் போகிற திருடி மாதிரி இருக்கிறது.

கடைக்கு வந்து, "சின்னதா ஒரு கேமரா குடுங்க, தெருவுல எடுக்கணும், ஊருக்கும் கொண்டு போகணும்" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, "கையைக் காட்டுங்க" என்பதுதான். கைக்குப் பொருந்தாத கேமரா அலமாரியை விட்டு இறங்காது. உன் கை சின்னது, விரல் நீளம். அதற்கு ஏற்றதாக ஒன்று என் மேசையிலேயே இருக்கிறது. பழையது, நானே சுத்தம் செய்தது. லென்ஸ் வெளியே நீளாது, அதனால் தூசி உள்ளே போகாது. மங்கலான வெளிச்சத்திலும் எடுக்கும். ஆனால் அதில் சூம் கிடையாது. முகம் வேண்டும் என்றால் முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். தெருப் படத்துக்கு அதுதான் அழகு. தூர நின்று இழுத்து எடுத்தால் படத்தில் ஆள் இருப்பார், உயிர் இருக்காது.

உன் கைபேசியிலேயே எடுக்கலாமே என்றும் தோன்றியது. அது இன்னும் அந்தப் பொத்தான் போன்தானா?

வேறு யாரிடமிருந்தும் கடிதம் வரவில்லை.

அன்புடன்
தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

சுகமே. உன் வீட்டுக்காரியை வெந்நீர் குடிக்கச் சொல். எண்ணெய் தேய்க்கிறேன். புட்டி பாதியாகிவிட்டது, வலி பாதியாகவில்லை.

பொத்தான் போன்தான். அதையும் எடுக்கப் பிடிப்பதில்லை, உனக்குத் தெரியும். அதனால்தான் உனக்குக்கூட எழுதுகிறேன். உன் கடிதத்தில் மூன்று இடத்தில் ஒற்று மிகவில்லை. பழக்க தோஷம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ சொல்வதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்குச் சூம் உள்ளதுதான் வேண்டும். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கடைக்குள் இருப்பது தெரிய வேண்டும். வெயிலில் கண்ணாடி கூசினாலும் தெரிய வேண்டும். நாலு வண்டித் தடம் உள்ள சாலை என்று வைத்துக்கொள். முகத்துக்கு எதிரே போய் நின்று எடுக்க நான் என்ன கல்யாணப் போட்டோக்காரியா?

உயிர் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆள் தெரிந்தால் போதும்.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்பு அக்கா,

இங்கே அனைவரும் நலம். நீ பிடித்த பிடியை விடமாட்டாய் என்பது அப்பா காலத்திலிருந்தே தெரிந்ததுதான்.

பார்சலில் வருவது உள்ளங்கை அகலம்தான், ஆனால் முப்பது மடங்கு இழுக்கும். சத்தத்தை நானே அணைத்துவிட்டேன். முழுதாக இழுக்கும்போது மூச்சுவிட்டாலும் படம் ஆடும். கம்பத்திலோ சுவரிலோ முழங்கையை ஊன்றிக்கொள். நேருக்கு நேர் நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்றால் கடைக் கண்ணாடி கூசுவது குறையும். இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன்.

பழைய லென்ஸ் என்பதால் ஒரு சந்தேகம். ஏதாவது ஒரு கடையின் பெயர்ப் பலகையை எடுத்துப் பிரதி போட்டு அனுப்பு. ஓரத்து எழுத்து மங்கினால் சரிசெய்து தருகிறேன்.

எந்த ஊருக்கெல்லாம் போனாய் என்று எழுது.

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். கேமரா பத்திரமாக வந்தது. கையில் வைத்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறது. நழுவிவிடுமோ என்று கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன்.

பதினொரு படம் அனுப்பியிருக்கிறேன். பஸ் நிறுத்தம், பழ வண்டி, குடை தைக்கிறவர். குடை தைக்கிறவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார், அதனால் அது நன்றாக வந்திருக்கிறது. கடைசி ஐந்தும் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடை. பெயர்ப் பலகையை எடுக்கச் சொன்னாயே, அதற்காக. ஓரத்து எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்.

அந்த ஐந்தில் கடைசிப் படம் ஆடிவிட்டது. கேமராமேல் குற்றம் இல்லை. கம்பத்தில்தான் ஊன்றியிருந்தேன்.

ஊர் பெயரெல்லாம் எதற்கு? இரண்டு மணி நேரப் பஸ் பயணம், அவ்வளவுதான்.

உன் அக்கா


ஏப்ரல் 18

அன்பு அக்கா,

ஆறு வாரம் பதில் போடவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எழுதக் கைதான் வரவில்லை.

படங்களை உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தேன். லென்ஸில் கோளாறு இல்லை. பலகையின் ஓரத்து எழுத்து முதல் உள்ளே மேசைமேல் இருக்கும் பேனா வரை தெரிகிறது. மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்ணும் தெரிகிறாள். ஐந்து படத்திலும் அவள்தான். கோட்டுக்கு உள்ளே உடுப்பு மட்டும் மூன்று விதம். ஒரே நாளில் எடுத்த படங்கள் இல்லை இவை.

இனி மறைத்துப் பயன் இல்லை. உன் மகள் என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் வீட்டைவிட்டுப் போன நாள் முதல், மாதம் ஒரு தடவை போன் செய்கிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "யாரிடமிருந்தும் கடிதம் வரவில்லை" என்று உனக்கு எழுதியது பொய் இல்லை. பொய்யைவிட மட்டமானது.

உன் படங்கள் வந்த வாரம் போன் செய்தாள்.

"மாமா, அம்மா எதிர்ல வந்து நிக்கிறாங்க. சனிக்கிழமை ஆனா பத்து மணிக்கு பஸ் ஸ்டாப் கம்பத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்னைப் போட்டோ எடுக்கிறாங்க. கண்ணு காட்ட வந்தவங்களைப் படிக்கச் சொல்லிட்டு நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். தப்பாப் படிச்சாக்கூட எனக்குத் தெரியல. நிறுத்தச் சொல்லுங்க மாமா."

பிறகு கேட்டாள்: "யாரு மாமா அவங்களுக்குக் கேமரா வாங்கிக் குடுத்தது?"

நான் இருமினேன். இல்லாத இருமல்.

அக்கா, அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் அவள் விடுதியில் இருந்து கடைசி வருஷப் பரீட்சை எழுதினாள். தினமும் சாயங்காலம் போன் செய்தாள். "அப்பா தூங்குறார்மா, நீ படி" என்று நீ சொன்னாய். பத்தாம் நாள் பெட்டியோடு அவள் வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது. "ஒன்பது நாள்ல ஒரு தடவைகூட என்கிட்டச் சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று உன்னைத்தான் கேட்டாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.

நான் முதலில் சொன்னேனே, சூம் இல்லாத கேமரா, அதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன்னிடம் இருப்பதைத் திருப்பி அனுப்பிவிடு. சாலையைத் தாண்டிப் போ. இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போகாதே. நடுவில் நிற்பது உங்கள் இரண்டு பேரையும் அரிக்கிறது.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்.

கேமராவை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். உன்மேல் கோபம் இல்லை. அவள் உன்னோடு பேசுகிறாள் என்று படித்ததும் அச்சக மேசையிலேயே உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். பிழை பார்க்கவில்லை.

அச்சகத்துக்கு அச்சடிக்க வந்த விளம்பரத் தாளில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. எங்கே தங்கியிருக்கிறாள்? யாராவது கூட இருக்கிறார்களா? தலைவலி வருமே அவளுக்கு, இன்னும் வருகிறதா? போனில் பேசும்போது சிரிப்பாளா? இதையெல்லாம் நீயாகக் கேட்காதே. அவள் சொல்லியிருந்தால் மட்டும் எழுது.

இன்னொன்று. இரண்டாம் நாளே நான் அவளுக்குச் சொல்லப் போனேன். நீதான் என் கையிலிருந்து போனை வாங்கினாய். "பரீட்சை முடியட்டும் அக்கா, மூணு வருஷப் படிப்பு" என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய். அதைக் கேட்டு நடந்தவள் நான். கடைசி நாள்தான் நீ வந்தாய் என்று அவளிடம் சொன்னவளும் நான்தான். அது அப்படியே இருக்கட்டும். அவளிடம் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

சாலையைத் தாண்டுவது பற்றி யோசிக்கிறேன்.

உன் அக்கா


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

முந்தாநாள் சாலையைத் தாண்டினேன். நான்கு தடவை விளக்கு மாறியது. ஐந்தாவது தடவை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா, "வாங்கம்மா, பிடிச்சுக்கோங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். இல்லாவிட்டால் நின்றிருப்பேன்.

கடைக்குள் வேறு யாரும் இல்லை. கதவைத் திறந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் என்னென்னவோ பேச வைத்திருந்தேன். அதற்குள் வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரி, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்றாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணும்" என்றேன்.

"உட்காருங்க."

உயரமான நாற்காலி. என் முழங்கால் மடங்கவில்லை. காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகையைத் தள்ளிவைத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு பெயர் கேட்டாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள். வேலை கேட்டாள். அச்சகத்தில் பிழை திருத்துகிறேன் என்றேன். அதையும் எழுதினாள்.

"வயசு?"

"ஐம்பத்தெட்டு."

எழுதப் போனவள் நிறுத்திவிட்டு, நோட்டைப் பார்த்தபடியே, "போன மாசத்தோட ஐம்பத்தொன்பது" என்றாள்.

ஆமாம் தம்பி, எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு அந்த இரும்புச் சட்டத்தை என் காதில் மாட்டினாள். விரல் சில்லென்று இருந்தது. கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டாள். அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நெற்றியில் முடி கலைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. மூச்சு என்மேல் பட்டது. எல்லாக் கண்ணாடியிலும் தெளிவாகத்தான் தெரிந்தாள். ஆனால் முடிந்துவிடுமோ என்று, "இன்னொரு தடவை போடுங்க, இன்னொரு தடவை போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் சலித்துக்கொள்ளாமல் போட்டாள்.

"கடைசி வரி படிங்க."

படித்தேன். நடுவில் கண்ணில் தண்ணீர் வந்து எழுத்து கலங்கிவிட்டது. பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். "கண்ணு கூசும், எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள்.

ஜூன் முதல் வாரம் வந்து கண்ணாடியை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். நீ மாற்றி அனுப்பிய கேமரா கைப்பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை.

வீட்டுக்காரிக்கு என் அன்பு.
உன் அக்கா


ஜூன் 2

அன்பு அக்கா,

நலம். உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் முதலாளி, "என்னப்பா, தூசியா?" என்கிறார்.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். நேற்று அவள் போன் செய்தாள். "அம்மா கடைக்கு வந்தாங்க மாமா. ரொம்ப மெலிஞ்சுட்டாங்க" என்றாள். குரல் இளகியிருந்தது. இப்போது விட்டால் எப்போது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாளே நான் அங்கே வந்துவிட்டதையும், உன் கையிலிருந்து போனை வாங்கியதையும், தினம் சாயங்காலம் நீ என்ன சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பதையும்.

அவளுக்குப் பின்னால் பஸ் போகிற சத்தம் கேட்டது. "சரி மாமா" என்றாள். வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷமாக உன் தலையில் ஏற்றிவைத்திருந்த என் பாரத்தை இறக்கிவிட்டேன் அக்கா. இனி அவள் உன்னிடம் வருவாள். கண்ணாடி வாங்கப் போனதும் எழுது.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

கண்ணாடி வாங்கப் போனேன். மேசையில் வேறொரு பெண் இருந்தாள்.

"அவங்க வேலையை விட்டுட்டாங்களேம்மா. அஞ்சு நாளாச்சு."

"எங்க போயிருக்காங்க?"

"சொல்லலைம்மா. தங்கியிருந்த ரூமையும் காலி பண்ணிட்டாங்களாம். நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல. கண்ணு டெஸ்ட் பண்ணினாங்க" என்றேன்.

ஏன் சொன்னாய்? நான் வேண்டாம் என்று எழுதியிருந்தேனே. உன்னைக் காப்பாற்றவா நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாய்? அவளுக்கு அப்பா இல்லை. என்னையும் வேண்டாம் என்றுவிட்டாள். நம்மில் ஒருத்தராவது அவளுக்கு இருக்கட்டும், தலைவலி என்றால் சொல்ல, பயம் என்றால் சொல்ல, மாதம் ஒரு தடவையாவது "மாமா" என்று கூப்பிட ஓர் ஆள் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் அந்தப் பழியை நான் வைத்துக்கொண்டேன். அது எனக்குப் பாரமாகவே இல்லை. அதைப் போய் இறக்கிவிட்டாய். இப்போது அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நல்லதுக்குத்தான் செய்தாய். அன்றைக்கும் அப்படித்தான்.

அக்கா


ஜூலை 9

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

அவள் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. தினமும் காலையில் கடையைத் திறந்ததும் ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன். போன வாரம் விடுப்புப் போட்டுவிட்டு அந்த ஊருக்கே போனேன். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். குடை தைக்கிறவரிடம் கேட்டேன். அவளோடு படித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒருத்தி தெரியாது என்றாள். இன்னொருத்தி தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றாள். நன்றாக இருக்கிறாளா என்று மட்டும் கேட்டேன். "இருக்கா" என்றாள்.

எப்படிப்பட்ட கேமராவைக் கொண்டுவந்தாலும் திறந்து பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதில் கையை வைத்தபோதெல்லாம் நன்றாக இருந்ததையும் கெடுத்தேன். நான் என்ன செய்ய வேண்டும், நீயே சொல்.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. வீட்டுக்காரி உன்னைப் பற்றிக் கவலைப்பட்டு எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. "இருக்கா" என்று அந்தப் பெண் சொன்னாளே, அதை வைத்துக்கொண்டு இருப்போம். நீ போன் போடுவதை நிறுத்தாதே. உன் நம்பரையும் மாற்றாதே.

புதுக் கண்ணாடி மிகச் சரியாக இருக்கிறது. பொடி எழுத்துகூடத் தப்புவதில்லை. அச்சகத்தில், "என்னம்மா, ஒரேயடியாச் சிவப்பு மையா அடிக்கிறீங்க" என்று கேட்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்துச் சீட்டு மாதிரி ஒரு சீட்டு இருந்தது. எண்களெல்லாம் அவள் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் இன்னும் கோடு போடுகிறாள். அடியில், "ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வரவும்" என்று இருக்கிறது. எல்லாருக்கும் அச்சடித்துக் கொடுக்கிற வரி. அவள் எழுதியது இல்லை. எது அச்சு, எது கை என்று எனக்குத் தெரியாதா?

இருந்தாலும் குறித்துவைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அடுத்த வருஷத்துக் காலண்டர் இன்னும் அச்சுக்கு வரவில்லை.

உன் அக்கா